முந்திக்கொண்ட நீலம்

மோஹிராவின் குடுவையில் மறுபடியும் நீலம் முந்திக்கொண்டது. ஒரு நிமிடத்துக்கு மேல் வெறும் தண்ணீர்போல நின்றுவிட்டு, பிறகு மை கொட்டியதுபோல் சட்டென்று நிறம் மாற வேண்டிய கரைசல் அது. இவள் ஸ்டாப்வாட்சை அமுக்கி நிமிர்வதற்குள் நீலமாகி நின்றது. எல்லா மேசையிலும் அதே அயோடைடு, அதே பெர்சல்பேட், அதே ஸ்டார்ச்சுக் கஞ்சிதான். இவள் குடுவைக்கு மட்டும் என்ன அவசரமோ, கடவுளுக்கே வெளிச்சம்.

வினைவேகம் அளக்கிற இந்தச் சோதனையில் கோகந்து நகரக் கல்லூரியில் யாரும் தோற்றதாகப் பேச்சே கிடையாது. காலை உறக்கம் கலையாமல் வருகிற பையன்கள்கூடச் செய்துவிட்டுப் போவார்கள். மோஹிராவுக்கு மட்டும் வாராவாரம் இதே கதை. துர்கூன் தோம்லா அவள் காட்டிய எண்களைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். தோம்லா என்று அங்கே கூப்பிடுகிற வாத்தியார்களில் அவர் நல்லவர், ஆனால் பொய்க்கணக்கு என்றால் மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"இதெல்லாம் அளந்த எண்ணா, இல்ல விடுதியில உக்காந்து நீயே எழுதின எண்ணா?"

"அளந்ததுதான் தோம்லா. சத்தியமா."

"சத்தியத்த வீட்டுல வெச்சுக்க. வியாழக்கிழமை என் கண்ணு முன்னாடி செய்யி. அப்பவும் காரணம் சொல்லத் தெரியலேன்னா என்னால பாஸ் போட முடியாது."

பாஸ் இல்லையென்றால் மானிய இடம் போய்விடும். மானியம் போனால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வந்து சேர் என்று அப்பா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். சொந்த ஊரான மார்கிலானில் அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் போகவேயில்லை. ரொட்டியைப் பிட்டு நிச்சயம் பண்ண நாள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த ரொட்டி மோஹிராவுக்கு வேண்டாம்.

சந்தேகம் அவளுக்குப் பசி மாதிரி, வேளாவேளைக்கு வந்துவிடும். விடுதியில் சர்க்கரை டப்பாவில் அளவுக் கோடு போட்டு வைத்த பெண் அவள் ஒருத்திதான். பருவம் தொடங்கிய அன்றே ஆய்வகத்தின் பொதுத் தண்ணீர்க் கேனை அவளுக்குப் பிடிக்கவில்லை. காய்ச்சி வடித்த தண்ணீர்தான், ஆனால் யார் யாரோ ஈரக் கையோடு திறக்கிற கேன். அதனால் தன் தண்ணீரை வடிகலத்தின் வாயிலிருந்தே பிடித்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்புக் கூஜாவில் ஊற்றி, மூடிக்கு மேல் துணியும் கட்டி, தன் அலமாரியில் வைத்துக்கொண்டாள். வீட்டில் குடிதண்ணீரே அப்படித்தான் நிற்கும். இத்தனை காவலுக்குப் பிறகும் தவறுகிறது என்றால், தவறு பொருளில் இல்லை, ஆளில் இருக்கிறது என்று முடிவுகட்டினாள்.

ஆள் யார் என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. அவளோடு ஒரே மேசையில் வேலை செய்கிறவள் ஓய்தின். எந்நேரமும் சூரியகாந்தி விதை கொறிப்பாள், சத்தமாகச் சிரிப்பாள், பிப்பெட்டைத் துடைப்பம்போலப் பிடிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு எண்கள் எல்லாம் நூல் பிடித்ததுபோல வந்தன. அதைத்தான் மோஹிராவால் தாங்க முடியவில்லை.

"பாக்கெட்டுல என்ன?"

"வெத. வேணுமா?"

"உப்பு போட்டதா?"

"உப்பு போடாம யாருடி திம்பா? ஏன், போலீஸ் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கியா?"

"கையக் கழுவிட்டு வந்து உக்காரு."

"கழுவியாச்சு. மோந்து பாக்குறியா? இந்தா." ஓய்தின் கையை மூக்கருகே நீட்டிச் சிரித்தாள். மோஹிரா சிரிக்கவில்லை. அன்று முழுவதும் தன் குடுவையை இடது கைக்கு அணைவாக வைத்துக்கொண்டே வேலை செய்தாள். நீலம் அப்போதும் முந்திக்கொண்டுதான் வந்தது.

புதன்கிழமை சாப்பிட்டுவிட்டு வந்தபோது கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாகவே நினைத்தாள். அலமாரி திறந்திருந்தது. துணி அவிழ்ந்து கிடந்தது. ஓய்தின் கூஜாவைச் சாய்த்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

ஓய்தின் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மோஹிராவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். "ஒண்ணுமில்ல. சும்மா பாத்தேன்," என்று கூஜாவை வைத்துவிட்டுப் போனாள்.

சும்மா பார்க்கிறவள் துணியை ஏன் அவிழ்க்க வேண்டும்? மோஹிரா அந்தத் தண்ணீரைக் கொட்டினாள், கூஜாவைத் தேய்த்துக் கழுவினாள், புதிதாகப் பிடித்து நிரப்பினாள். பயமும் ஆத்திரமுமாக இருந்தது. ஆனால் உள்ளூர ஒரு நிம்மதியும் இருந்தது. கடைசியில் காரணம் கிடைத்துவிட்டதே.

மறுநாள் காலை மொத்த வகுப்பும் பார்த்துக்கொண்டிருக்க, தோம்லா நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் மேசையருகே உட்கார்ந்தார். "ம், ஆரம்பி."

"ஆரம்பிக்கிறேன் தோம்லா. ஆனா அவ இங்க இருக்கக் கூடாது."

"எவ?"

"ஓய்தின். என் தண்ணியில என்னமோ கலக்குறா. நேத்து என் கண்ணாலயே பாத்தேன்."

ஓய்தின் மெல்லுவதை நிறுத்தினாள். பின்பெஞ்சில் யாரோ ஒருவன் 'அடேயப்பா' என்றான். தோம்லா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீ போய் வாசக்கிட்ட நில்லும்மா. கை ரெண்டையும் கட்டிக்க. எல்லாரும் பாக்கட்டும்," என்றார். ஓய்தின் போய் நின்றாள். அவள் காது மடல் சிவந்திருந்தது.

மோஹிரா உப்புகளை எடை போட்டு, கூஜாத் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றாக அளந்து ஊற்றினாள். கடைசிக் கரைசலை ஊற்றி ஸ்டாப்வாட்சை அமுக்கினாள். தோம்லா கண்ணாடியைச் சரிசெய்துகொள்வதற்குள் குடுவை நீலமாகிவிட்டது.

ஓய்தின் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

மோஹிரா ஸ்டாப்வாட்சை அமுக்கி நிறுத்தினாள்.

"தண்ணி எங்கேருந்து எடுத்த?" என்றார் தோம்லா.

"வடிகலத்துலேர்ந்து. நானே பிடிச்சது. யாரும் தொடல."

"எதுல பிடிச்ச?"

அவள் கூஜாவைக் காட்டினாள். தோம்லா அதை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு பொதுக் கேனைத் தூக்கி அவள் முன்னால் வைத்தார். "இதுல கரைச்சு இன்னொரு தடவ செய்யி."

செய்தாள். கரைசல் தெளிவாக நின்றது. நின்றுகொண்டே இருந்தது. எல்லோருக்கும் வருகிற நேரத்துக்குத்தான் நீலம் வந்தது.

"இங்க வா. உள்ள பாரு. ஈயப் பூச்சு போயி செம்பு பல்லக் காட்டுது. ராத்திரியெல்லாம் தண்ணி அதுலதான் ஊறியிருக்கு. துளி செம்பு கரைஞ்சாலே போதும், இந்த வினை குதிர மாதிரி ஓடும்." அவர் குரலில் கோபம் போயிருந்தது. "உன் எண்ணு எல்லாம் நெஜம்தான். செம்பு ஏன் இப்படிப் பண்ணுதுன்னு எழுதிக் குடு, பாஸ் போடுறேன். மொதல்ல போய் அந்தப் பொண்ணுகிட்டப் பேசு."

பாஸ். மார்கிலான் ரொட்டி இனிக் காத்துக் கிடக்கட்டும். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் மோஹிராவுக்கு வெட்கம்தான் வந்தது. தலையைக் குனிந்துகொண்டே வாசலுக்குப் போனாள்.

"எனக்கு நேத்தே தெரியும்," என்றாள் ஓய்தின்.

"என்ன தெரியும்?"

"கூஜாதான்னு. உள்ள செவப்பா இருந்துச்சு. சொல்லத்தான் வாயத் தொறந்தேன்."

"பின்ன ஏன்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா நான்தான் சொரண்டி வெச்சேன்னு சொல்லியிருப்ப. இல்லேன்னு சொல்லு பாப்போம்."

மோஹிராவால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. மன்னித்துவிடு என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதே நொடியில், யாரும் கேட்காமலே இன்னொன்றும் வந்தது: நேற்றே நிஜமாகத் தெரியுமா, அல்லது தோம்லா சொன்னதைக் கேட்டுவிட்டு இப்போது சொல்கிறாளா? தெரிந்திருந்தால், நான் மாட்டிக்கொள்ளட்டும் என்றுதானே விட்டாள்? அவள் ஓய்தினின் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். ஓய்தினும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா," என்றாள் ஓய்தின். கோபமே இல்லாமல் சொன்னாள். "இப்பவும் கணக்குப் போடுற."

மேசைக்குப் போய்த் தன் பையை எடுத்துக்கொண்டு, ஜன்னலோர மேசையில் இடம் கேட்டாள். அங்கிருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அடுத்த வாரம் மோஹிரா பொதுக் கேனிலிருந்து தண்ணீர் எடுத்தாள். நீலம் நேரத்துக்கு வந்தது. "வந்திருச்சுடி!" என்று பக்கத்தில் திரும்பினாள். நாற்காலி காலியாக இருந்தது.