விசாரிக்கப் போன ஞாயிறு

தைப்பூசம் கழிந்த முதல் ஞாயிறு. பண்டத்தரிப்பில் பனி இன்னும் விலகவில்லை. கீர்த்திகன் மோட்டார் சைக்கிளின் சீற்றைத் துணியால் துடைத்தான். அவனுடைய அக்கா சுபாஜினி ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினாள்.

"ஆரும் கேட்டா மணற்காட்டுக்குப் போறம் எண்டு சொல்லு," என்றாள்.

"அங்கை என்ன கிடக்கு எண்டு கேட்டா?"

"மணல் மலை."

"யாழ்ப்பாணத்திலை மலை பாக்க வெளிக்கிட்ட முதல் ஆக்கள் நாங்கள்தான்."

அவர்கள் போனது உடுப்பிட்டிக்கு. அங்கே கோகுலன் என்ற ஒருவரைப் பற்றி விசாரிக்க வேண்டியிருந்தது. சாதகம் பொருந்திவிட்டது. படமும் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை பகுதியார் போன கிழமையே பண்டத்தரிப்புக்கு வந்து, அயலில் விசாரித்துவிட்டு, தங்களுக்குச் சம்மதம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண் வீட்டின் பதிலை இன்று பொழுதுபடப் புரோக்கருக்குச் சொல்ல வேண்டும்.

விசாரிக்கப் போவது ஆண்கள். தகப்பன் போவார், அல்லது மாமன் போவார். தகப்பன் நடராசாவுக்கு முழங்கால் நோவு என்பதால் மகனைப் போகச் சொன்னார். தானும் போவதாகச் சுபாஜினி சொன்னபோது தாய் ஞானாம்பிகை தலையில் கைவைத்தாள்.

"கலியாணப் பொம்பிளை தானே போய் விசாரிக்கிறதோ? ஆரும் கண்டா?"

"ஹெல்மெற் போடுவன்."

நாலு வருடத்துக்கு முன்பு சுபாஜினிக்கு எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடந்தது. மாப்பிள்ளை சுவிஸ். அவர் லீவில் வந்து நின்றபோது பதிவாளரை வீட்டுக்கு அழைத்துக் கையெழுத்து வைத்தார்கள். விசா வந்ததும் தாலி கட்டலாம் என்று அவர் திரும்பிப் போனார். விசா வரவில்லை. அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிற செய்திதான் வந்தது. பிறகு மல்லாகம் கோட்டுக்கு நடந்து விவாகரத்து எடுத்தார்கள்.

தாலி ஏறவில்லை, இருவரும் ஒரு வீட்டில் இருக்கவுமில்லை. எழுத்து மட்டுந்தானே என்பாள் ஞானாம்பிகை. புரோக்கருக்கு இதைச் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தவளும் அவள்தான். புது எழுத்தன்று பதிவாளரிடம் எப்படியும் சொல்லத்தான் வேண்டும். அதற்குள் மண்டபம் எடுத்து, ஊருக்கெல்லாம் அழைப்புச் சொல்லி முடிந்திருக்கும். அதன் பிறகு யார் நிறுத்தப்போகிறார்கள்?

அயலவர்களும் வாய் திறக்கவில்லை. கலியாணத்தைக் குழப்பியவர் என்ற பெயரை எந்த ஊரிலும் எவரும் விரும்புவதில்லை.

சுபாஜினிக்கு அது சரியாகப் படவில்லை. சொன்னால் கேட்டு நிற்கக்கூடிய மனிதரா, கேட்டதும் எழுந்து போகிறவரா என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சண்டிலிப்பாய், சுன்னாகம், புன்னாலைக்கட்டுவன். செம்மண் ஈரமாக இருந்தது. வெங்காயத் தோட்டங்களில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்கள். புகையிலைத் தோட்டங்களுக்கு மேலே பனி ஒரு முழ உயரத்தில் நின்றது. சுபாஜினி இந்தப் பாதையால் பேருந்தில்தான் போயிருக்கிறாள். பேருந்தில் போகிறவருக்குத் தோட்டத்தின் மணம் தெரிவதில்லை.

"அக்கா," கீர்த்திகன் தலையைத் திருப்பாமல் கத்தினான். "இதுவும் குழம்பினா நான் பல்லு விழுந்தாப் பிறகுதான் தாலி கட்டுவன்."

"இப்பவே ரெண்டு பல்லு இல்லைத்தானே."

அவன் விரும்பியிருந்த தர்சிகா இணுவிலில் அவனுக்காகக் காத்திருந்தாள். அவள் வீட்டில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அக்கா இருக்கத் தம்பி கட்டுவதில்லை. பகிடியாகத்தான் சொன்னான். ஆனால் வழி முழுக்க அதையே வேறு வேறு விதமாகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

அச்சுவேலி தாண்டியதும் மரங்கள் நின்றுவிட்டன. வல்லை வெளி. இருபுறமும் தண்ணீர், அதற்கப்பால் வெறும் தரை, அதற்கப்பால் வானம். பக்கத்திலிருந்து அடித்த காற்றில் மோட்டார் சைக்கிள் சரிந்தது. கீர்த்திகன் காற்றின் பக்கமாகச் சாய்ந்து ஓட்டினான். நீருக்குள் நின்ற பறவைகள் சத்தத்துக்கு அசையவில்லை.

முனியப்பர் கோயிலடியில் எல்லா வாகனங்களையும் போல அவர்களும் நிறுத்தினார்கள். உண்டியலில் சில்லறை போட்டுத் திருநீறு பூசிக்கொண்டார்கள்.

"என்ன நேந்தனீ?" என்று கேட்டான்.

"ஒண்டுமில்லை."

"நான் நேந்திட்டன்."

"எனக்கோ, உனக்கோ?"

"ரெண்டும் ஒண்டுதானே."

உடுப்பிட்டிச் சந்திக்குக் கிட்ட ஒரு தேநீர்க்கடை. வாங்கில் உட்கார்ந்து ஒரு முதியவர் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். முத்துக்குமாரண்ணை என்று கடைக்காரர் அவரைக் கூப்பிட்டார். கீர்த்திகன் பக்கத்தில் போய் இருந்தான். சுபாஜினி ஹெல்மெற்றோடு வெளியே நின்றாள்.

"அய்யா, உங்கை கோகுலன் எண்டு, மிருக வைத்தியசாலையிலை வேலை செய்யிறவர்..."

முத்துக்குமாரு பத்திரிகையை மடித்தார். "தங்கமான பெடியன்."

"குடிவெறி ஏதும்?"

"தங்கமான பெடியன், தம்பி."

"கோபதாபம்?"

"நான் சொல்லிப்போட்டன்தானே." அவர் வெளியே பார்த்தார். "எங்காலை வாறியள்?"

"பண்டத்தரிப்பு. மணற்காடு பாக்கப் போறம். சும்மா."

"ஓம், ஓம். வாற ஆக்கள் எல்லாரும் சும்மாதான் வாறவை."

கீர்த்திகன் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தான். "கேட்டனியோ? தங்கம்."

சுபாஜினி பின்னால் ஏறிக்கொண்டாள். போன கிழமை பண்டத்தரிப்பிலும் யாரோ ஒருவர் இப்படித்தான் பத்திரிகையை மடித்திருப்பார். தங்கமான பிள்ளை என்று சொல்லியிருப்பார். அது பொய்யுமில்லை. ஆனால் கேட்டவர்கள் கேட்க வந்தது அதையல்ல.

கோகுலனின் வீட்டுக்குப் போகும் ஒழுங்கைக்கு முன்னால் ஒரு சிறு கடை இருந்தது. சுபாஜினி தானே உள்ளே போனாள். அங்கே ஹெல்மெற்றைக் கழற்றிச் சோடா கேட்டாள். கடை வைத்திருந்தவர் அருமைநாயகி. அவர் சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டு முகத்தை நன்றாகப் பார்த்தார்.

"எங்கை, பிள்ளை, தூரமோ?"

"சுத்திப் பாக்க வந்தனாங்கள், அன்ரி."

"உடுப்பிட்டியிலையோ? இஞ்சை என்ன, மலையோ அருவியோ கிடக்கு?" அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நீர்தானே பொம்பிளை?"

கீர்த்திகன் வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"ஓம்," என்றாள் சுபாஜினி.

"நல்ல துணிவுதான். அவன் நல்ல பெடியன்."

"நல்லதை எல்லாரும் சொல்லிப்போட்டினம், அன்ரி. கூடாதது ஒண்டு சொல்லுங்கோ."

"கலியாணத்தைக் குழப்பின பழி எனக்கு ஏன்?"

"குழப்ப மாட்டன்."

அருமைநாயகி தெருவை எட்டிப் பார்த்தார். பிறகு மேசையின் காசு இலாச்சியை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னார். கோகுலன் கன்றிலிருந்து வளர்த்த பசு ஒன்றைத் தாய் விற்றுவிட்டார். அவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டது என்று மகனுக்குச் சொன்னார். மகன் வேலைக்குப் போகாமல் துன்னாலை வரைக்கும் தேடி அலைந்தான். உண்மை தெரிந்த பிறகு ஒரு மாதம் தாயோடு கதைக்கவில்லை.

"வித்ததுக்கில்லை, பிள்ளை. பொய் சொன்னதுக்கு. ஏசவுமில்லை, சத்தம் போடவுமில்லை. ஒரு மாசம் வாயே திறக்கேல்லை. தாய் இந்த வாங்கிலை வந்திருந்து அழுதவ." சற்று நிறுத்தி, "நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதையும்," என்றார்.

அவர்கள் வெளிக்கிட்டபோது அவர் போனைக் கையில் எடுப்பது தெரிந்தது.

"திரும்புவம்," என்றான் கீர்த்திகன்.

"மணற்காட்டுக்குப் போறம் எண்டு சொன்னனாங்கள். போவம்."

நெல்லியடி, மந்திகை, வல்லிபுரம். அதன்பின் தெருவுக்கு மேல் மணல் ஏறிக் கிடந்தது. சில்லு வழுக்கியது. கீர்த்திகன் இரண்டு காலையும் ஊன்றி ஊன்றி ஓட்டினான். சவுக்கந்தோப்பு ஓரத்தில் நிறுத்திவிட்டு மேட்டில் ஏறினார்கள். வைத்த கால் பாதி தூரம் கீழே வந்தது. இளைத்துக்கொண்டு உச்சிக்கு வந்தபோது கடல் தெரிந்தது. மறுபக்கத்தில் மணல் மூடிய பழைய தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் நின்றன. குடாநாடு தட்டையாகக் கிடந்தது. பனைகளின் தலையைச் சுபாஜினி முதல்முறையாக நேர்மட்டத்தில் பார்த்தாள்.

"தங்கமான பெடியன் எண்டு அம்மாவுக்குச் சொல்லுவம்," என்றான் கீர்த்திகன்.

"பசுக் கதை?"

"பசுவும் எழுத்தும் ஒண்டோ?"

"அவருக்கு ரெண்டும் பொய்தான்."

"நாங்கள் பொய் சொல்லேல்லை, அக்கா. சொல்லாமல் விட்டனாங்கள்." அவன் ஒரு பிடி மணலை அள்ளிக் காற்றில் விட்டான். "சொன்னா என்ன நடக்கும் எண்டு உனக்குத் தெரியும்தானே. இன்னும் ஒண்டு பாக்க வேணும். இன்னும் ஒரு வருசம். தர்சிகாவின்ரை வீட்டிலை அதுமட்டும் பொறுக்க மாட்டினம்."

இந்த முறை அவன் பகிடி விடவில்லை. அவளுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. சரி என்று சொல்லிவிடலாம். ஒரு சொல்தான். எல்லோரும் தயாராக இருக்கிறார்கள், அவனும், அம்மாவும், இரண்டு ஊரும்.

கீழே இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்து அவர்களுடையதற்குப் பக்கத்தில் நின்றது. வந்தவர் ஹெல்மெற்றைக் கண்ணாடியில் மாட்டினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். பாதி ஏறியபோது முகம் தெரிந்தது. படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தார்.

"ஐயோ," என்றான் கீர்த்திகன்.

கோகுலன் சற்றுத் தள்ளி நின்று மூச்சு வாங்கினார்.

"அருமைநாயகி அன்ரி கோல் எடுத்தவ. மலை பாக்க வந்திருக்கிறீங்கள் எண்டு சொன்னவ. மணற்காட்டுக்கு எண்டு சந்தியிலை முத்துக்குமாரண்ணை சொன்னவர்."

"எங்களுக்கு இதுதானே மலை," என்றான் கீர்த்திகன்.

"பசுக் கதையும் சொல்லியிருப்பா. கேக்கிற எல்லாருக்கும் அவ அதைச் சொல்லுறவ. முந்தியும் ஒரு சம்பந்தம் அதோடை நிண்டுபோச்சு." கோகுலன் சிரித்தார். பிறகு சுபாஜினியைப் பார்த்தார். "அந்தக் கதை உண்மைதான். வேறை என்ன கேக்க வேணுமெண்டாலும் என்னட்டையே கேக்கலாம்."

"எங்களுக்குக் கேக்கிறதுக்கு ஒண்டுமில்லை, அத்தான்," என்றான் கீர்த்திகன்.

அத்தான் என்ற அந்தச் சொல் காற்றில் நின்றது. கோகுலன் குனிந்து காற்சட்டையிலிருந்த மணலைத் தட்டினார்.

"தம்பி, நீ கீழை போ," என்றாள் சுபாஜினி.

அவன் போகவில்லை. கோகுலனுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வேண்டாம்.

அவள் கோகுலனின் பக்கம் திரும்பினாள்.

"எங்கடை ஊருக்கு விசாரிக்க வந்தது ஆர்?"

"மாமா."

"என்ன சொன்னவையாம்?"

"நல்ல பிள்ளை, நல்ல குடும்பம் எண்டு. போன வீடெல்லாம் ஒரே கதைதானாம்."

காற்று மணலைக் கணுக்காலில் அடித்தது. அவள் தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு முந்தி ஒருக்கா எழுத்து எழுதி, பிறகு கோட்டிலை பிரிச்சது. இதை அறிஞ்சிருந்தா நீங்கள் சம்மதம் சொல்லியிருப்பீங்களோ?"