மூடிக்குள் ஒட்டியிருந்த பெயர்

நஞ்சுண்டனிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. தான் செய்த வேலையைத் தான் செய்ததாகச் சொல்லவே மாட்டான். ஊரில் என்றால் அடக்கமான பிள்ளை என்று மெச்சியிருப்பார்கள். அமெரிக்காவில் அதுவே அவனுக்கு வினையாக வந்து சேர்ந்தது.

அவன் வேலை பார்த்தது வெஸ்ட் வின்ட்சரில், குறைமாதக் குழந்தைகளுக்கான சுவாசக் கருவி செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். கலாவதி அங்கே எச்.ஆர். மேனேஜர். கைப்பிடி அளவு நெஞ்சுக்குள் எவ்வளவு காற்று போகலாம் என்று மூச்சுக்கு மூச்சு அளந்து அனுப்பும் வால்வை நஞ்சுண்டன் வடிவமைத்த பிறகுதான் ஆஸ்பத்திரிகள் அந்தக் கம்பெனியைத் திரும்பிப் பார்த்தன. அவனுக்கு எச்-1பி விசா கேட்டு மூன்று வருடம் மனுப் போட்டார்கள்; மூன்று வருடமும் குலுக்கலில் பெயர் விழவில்லை. அவனுக்குப் பதில் ஆள் தேடி எட்டு மாதம் விளம்பரம் கொடுத்தும் ஒருவரும் தேறவில்லை. கடைசி வழி, அசாதாரணத் திறமைசாலிகளுக்கான ஓ-1 விசா. அதற்கும் குடியேற்ற அலுவலகம் கேள்வி அனுப்பிவிட்டது: இந்த வால்வில் இவருடைய பங்கு என்ன, ஆதாரம் காட்டவும்.

கேட்டதில் தப்பில்லை. கம்பெனி ரிப்போர்ட்டுகள் அத்தனையையும் எழுதியவன் அவன்; அவற்றில் பெயர்ப் பட்டியலின் கடைசியில் நிற்பவனும் அவனேதான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் போகாவிட்டால் அவன் சொந்த ஊரான கோபிக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான். புது மாடல் வேலையும் அப்படியே நின்றுவிடும்.

கலாவதி அவனை எதிரில் உட்காரவைத்தாள்.

“வால்வ டிசைன் பண்ணது யாரு?”

“எல்லாருஞ் சேந்துதானுங்கக்கா.”

“ஐடியா யாரோடது?”

“நம்ம டீம் சபரி ஒருநாள் லஞ்ச்ல ஒண்ணு சொன்னானுங்க. அதுல இருந்து வந்ததுதானுங்க.”

“சபரி என்ன சொன்னான்?”

“ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரா அடைச்சுக்கிச்சுன்னு சொன்னானுங்க.”

கலாவதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இவனிடம் ஒரு வரி தேறாது என்று முடிவு கட்டி, கருவியை வாங்கிய ட்ரென்டன் ஆஸ்பத்திரி ஒன்றுக்கு போன் போட்டாள். கடிதம் ஏதாவது தருவார்களா என்று கேட்கத்தான். நஞ்சுண்டன் பெயரைக் கேட்டதுமே டெக்னீஷியன் பெண்மணி சிரித்துவிட்டு, ஒரு போட்டோ அனுப்பினார்.

கருவியின் பக்க மூடியைத் திறந்து எடுத்த படம். மூடியின் உட்புறம் ஆஸ்பத்திரிக்காரர்களே மார்க்கரில் எழுதி ஒட்டிய ஒரு சீட்டு. அதில் நஞ்சுண்டனின் பெயர், செல் நம்பர். கீழே ஒரு வரி: ‘வால்வ் தகராறு செய்தால் முதலில் இவரைக் கூப்பிடு. இதைச் செய்தவர் இவர்தான். போனை எடுப்பார்.’

அவள் மற்ற ஆஸ்பத்திரிகளையும் வரிசையாகக் கூப்பிட்டாள். வியாழன் மாலைக்குள் பதினேழு இடங்களிலிருந்து அதே மாதிரிச் சீட்டின் படமும் கையெழுத்திட்ட கடிதமும் வந்து சேர்ந்தன. யாரும் யாருக்கும் சொல்லி ஒட்டியதல்ல. கலாவதி ஒன்று விடாமல் படித்தாள். மூன்று வருடம் பக்கத்து அறையில் இருந்தவனை அவள் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறாள். பெருமையாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. சபரி தன் பங்குக்கு, ‘வால்வ் முழுக்க அவனுடையது, ஸ்ட்ரா மட்டும் என்னுடையது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை காலை, அனுப்புமுன் கடிதக் கட்டை நஞ்சுண்டனிடம் காட்டினாள். அவன் முகம் சிவக்கப் புரட்டிக்கொண்டே வந்து ஒரு படத்தில் நின்றான்.

“அக்கா, இதுல பழைய நம்பர் இருக்குதுங்க.”

“அதனால விசாவுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா.”

“விசாவுக்கு இல்லீங்க. இவங்க கூப்ட்டா யாரும் எடுக்க மாட்டாங்களே.” அங்கேயே நின்று அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுப் புது நம்பரைச் சொல்லிவிட்டுத்தான் கட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

மூன்று வாரம் கழித்து விசா அனுமதி வந்தது. கலாவதி காகிதத்தோடு அவன் அறைக்கு ஓடினாள். நஞ்சுண்டன் போனில் இருந்தான். கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டினான். பழைய நம்பர் வைத்திருந்த அதே ஆஸ்பத்திரி.

“இப்போ மெதுவா இடது பக்கம் திருப்புங்க,” என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தான். “அவசரமே இல்லை, நான் லைனிலேயே இருக்கேன்.”

மூன்று வருடம் காத்திருந்தாயிற்று. கலாவதி காகிதத்தைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.