மேற்கில் ஒரு கொடி

மொட்டை மாடி மாமியாரின் ராஜ்ஜியம். விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை வெளுத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத் திருப்பி அனுப்புவது குடும்பத் தொழில். அந்த மாடியின் கிழக்கு மூலையில் ஏழு ரோஜாத் தொட்டிகளுக்கு மருமகள் இடம் வாங்கியதே பெரும்பாடு.

இப்போது அதுவும் பறிபோகும் போலிருந்தது. இலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி உதிர்ந்தன.

"அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன். பூ வரலைன்னா அங்கயும் துணிக் கொடி கட்டிடுவேன், ஆமா!" என்றாள் மாமியார்.

மருமகள் மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தாள். சலவை வாடை. நேராகக் கீழே இறங்கிக் கணவன் முன்னால் போய் நின்றாள்.

"செடிக்கு என்னங்க ஊத்துனீங்க?"

அவன் திருதிருவென்று விழித்தான். "கடைசியா அலசின தண்ணி. தெளிவாத்தான் இருந்துச்சு. நீ குடம் தூக்கிட்டு மாடி ஏறுறது பாவமா இருந்துச்சு, அதான்..."

"நல்லா இருக்கு போங்க! விரிப்போட சேர்த்து என் செடியையும் வெளுத்துட்டீங்களே!"

அவன் முகம் போன போக்கில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் தண்டனை உண்டு. தொட்டிக்கு நாலு குடம் நல்ல தண்ணீர், இருபத்தெட்டையும் அவனே சுமந்தான். அடி ஓட்டை வழியாகச் சலவைக் காரம் வடிந்தது. அவள் மேல்மண்ணை வாரிவிட்டு மக்கிய எருவை நிரப்பினாள். காய்ந்த கிளைகளை வெளிப்பக்கக் கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டினாள். அதன்பின் காலையில் மட்டும், இலை நனையாமல், வேருக்குத் தண்ணீர்.

"ரோஜா வரும்னு பார்த்தா குச்சி நட்டு வச்சிருக்கா," என்று மாமியார் நொடித்தாள்.

மூன்றாம் வாரம் குச்சிகளில் செக்கச்செவேலெனத் துளிர் எட்டிப்பார்த்தது. ஆனால் பிற்பகல் வெயில் அதையும் பொசுக்கத் தொடங்கியது. மறுநாள் பிற்பகல் பதறியபடி மாடியேறியவள் அப்படியே நின்றாள். தொட்டிகளுக்கு மேற்கே புதிதாக ஒரு கொடி. அதில் தொங்கிய ஈர விரிப்பின் நிழல் ஏழு தொட்டிகளையும் மூடியிருந்தது.

"நீங்கதானே?" என்று கணவனிடம் குழைந்தாள்.

"நானா? காலையிலேர்ந்து இஸ்திரிப் பெட்டியை விட்டு நகரலையே!"

மாமியார் கெடு வைத்த மாசக் கடைசியில் விரிப்பு எடுக்க வந்த விடுதி மேலாளர் மாடியைப் பார்த்து வாயைப் பிளந்தார். ஏழு தொட்டியிலும் உள்ளங்கை அகலப் பூக்கள்.

"எங்கம்மா வாங்குனீங்க?"

"வாங்குறதாவது!" மாமியாரின் குரல் தெருமுனை வரை கேட்டது. "செத்துப்போச்சுன்னு நான் கைகழுவின செடி சார். எம் மருமக உசுரு குடுத்து எழுப்பினா. இவ கை பட்டா பட்ட கட்டையும் பூக்கும்!"

படியில் நின்ற மருமகளுக்குக் கண் கலங்கியது. அவர் போனதும் மெல்லச் சீண்டினாள்.

"அத்தை, இங்க கொடி கட்டப்போறேன்னு சொன்னீங்களே?"

"அதான் மேற்கால கட்டிட்டேனே," என்ற மாமியார், ஒரு பூவைப் பறித்து மருமகளின் தலையில் தானே செருகிவிட்டாள்.