பூஜையில் வைத்த கை

ஓசூரிலிருந்து பெங்களூர் கூப்பிடு தூரம். கல்யாணமாகி மூன்று வருஷமாகியும் நான் எல்லையிலிருக்கும் ஜூஜுவாடியைத் தாண்டியதில்லை. காரணம், என் வீட்டுக்காரர் முனிவேல் வாயில் 'முடியாது' என்ற சொல்லே வராது. கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். மெஷின் நின்றால்தான் அதைப் பிரித்து வேலை பார்க்க முடியும் என்பதால், ஊருக்கெல்லாம் லீவு விட்டால் எங்கள் வாசலுக்குக் கம்பெனி ஜீப் வந்துவிடும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை சனிக்கிழமை, விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு சாயங்காலம் சட்டசபை நடக்கிற விதான சௌதா முழுக்க விளக்குப் போடுவார்கள் என்று பக்கத்து வீட்டுச் சென்னம்மாள் சொல்லிச் சொல்லி என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். நானும் திட்டம் போட்டேன். காலையில் லால்பாக். மத்தியானம் மசாலா தோசை. அப்புறம் மாடி பஸ்ஸில் மேலே, முன் சீட்டு. இருட்டினதும் விதான சௌதா. வாரம் முழுக்க இதே நினைப்பில் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன்.

"ஜீப் வந்துட்டா?" என்று கேட்டேன்.

"வராது."

"வந்துட்டா?"

அவர் கூரையைப் பார்த்தார். இனி இவரை நம்பினால் ஆகாது என்று நானே ஒரு வேலை செய்தேன்.

சனிக்கிழமை பூஜையில் அரிவாள்மணை, கத்தரிக்கோலோடு அவருடைய டூல்ஸ் பையையும் வைத்தேன். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் சந்தனம், குங்குமம். பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை பண்ணுகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. மறுபூஜை பண்ணுவது நான். அதைக் காலையில் பண்ணுவதா சாயங்காலம் பண்ணுவதா என்பது என் இஷ்டம். வரட்டும் ஜீப்! அந்தக் குஷியில் எங்கள் மொபெட்டுக்கும் மாலை போட்டு, சாவியையும் சாமி முன்னால் வைத்துவிட்டேன். அதில்தான் பெங்களூர் போகப்போகிறோம் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை.

சந்தனம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"இதுக்கும் வெச்சுடு. கம்பெனியில அதிகமா தேயறது இதுதான்."

சிரித்துக்கொண்டே புறங்கைகளில் பொட்டு வைத்தேன்.

ஞாயிறு காலை நான் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு நிற்கிறேன், ஜீப் வந்து நின்றது. சூப்பர்வைசர் சௌந்தரராஜன் இறங்கினார்.

"முனிவேல், கம்ப்ரஸர் மக்கர் பண்ணுது. அரை நாள் வேலைதான், வாப்பா."

அவருடைய அரை நாள் விளக்கு வைக்கிற நேரத்தில்தான் முடியும். நான் குறுக்கே போனேன்.

"சார், இவரு டூல்ஸ் எல்லாம் பூஜையில இருக்குது. மறுபூஜை ஆகலைங்க. தொடக்கூடாது."

"ஏம்மா, கம்பெனியில வெள்ளிக்கிழமையே பூஜை போட்டு எடுத்தாச்சு. எங்க ஸ்டோர்ல இல்லாத ஸ்பேனரா? ஆளை மட்டும் அனுப்பு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூன்று வருஷ ஆசை இப்படி ஒரு வார்த்தையில் போய்விட்டதே என்று கோபமும் வந்தது. அவரோ வழக்கம்போல ஜீப்பைப் பார்த்து நடந்தார். பாதி தூரம் போனவர் நின்றார். மெதுவாக இரண்டு கையையும் நீட்டினார்.

"சார்... இதுவும் பூஜையில இருக்குது. சரோஜா எடுத்தாத்தான்."

சௌந்தரராஜன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மொபெட் சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். ஜீப் டிரைவர் திம்மப்பன், "தெய்வக் குத்தம் ஆயிடும் சார்" என்றான். சௌந்தரராஜனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"சரிப்பா, வெங்கடப்பனைப் பாக்கறேன். நீ சாமியை நல்லா கும்பிடு."

ஜீப் திரும்பியதும் நான் குதித்தேன். "கிளம்புங்க! மொபெட்டை எடுங்க!"

"எந்தக் கையால எடுக்கறது?"

"அய்யோ, இப்பவே மறுபூஜை பண்ணிடறேன்."

"வேண்டாம். அப்பறம் சார்கிட்ட சொன்னது பொய்யாயிடும்."

மாலை போட்டு வாழைக்கன்று கட்டிய பஸ்ஸில் ஏறினோம். உட்கார இடமில்லை. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவரையும் பிடித்துக்கொண்டேன். ஜூஜுவாடி போயிற்று, அத்திப்பள்ளி போயிற்று, என் நெஞ்சு அடித்துக்கொண்ட அடி பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டிருக்கும். லால்பாக்கில் வேர்க்கடலையை உரித்து அவர் வாயில் போட்டேன். ஹோட்டலில் தோசையைப் பிட்டு ஊட்டினேன். சப்ளையர் கன்னடத்தில் கைக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தான். "பூஜே" என்றேன். நம்ம ஊரில் இப்படி ஊட்டியிருந்தால் வெட்கத்தில் செத்திருப்பேன். அன்றைக்கு எனக்கு யாரும் கண்ணில் படவில்லை. மாடி பஸ்ஸில் முன் சீட்டும் கிடைத்தது. மரக்கிளை கண்ணாடியில் உரசும்போதெல்லாம் கத்தினேன்.

விதான சௌதா எதிரில் ஒரே கூட்டம். இருட்டத் தொடங்கியதும் ஒரே நொடியில் அத்தனை விளக்கும் எரிந்தது. கூட்டம் "ஓ"வென்று கத்தியது. எனக்குச் சத்தமே வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. அவ்வளவு சந்தோஷம்.

தலையிலிருந்து கொஞ்சம் பூவை எடுத்து அவர் கைகளில் போட்டேன். "மறுபூஜை ஆச்சு. எடுத்துக்கங்க."

அந்தக் கை முதலில் என் கையைத்தான் பிடித்தது. லேசாக நடுங்கியது.

"காலையிலயும் இப்படித்தான் நடுங்குச்சு சரோஜா. பொட்டு இருந்ததாலதான் நீட்டவே முடிஞ்சுது."

அடுத்த வருஷம் வாய்க்கும் ஒரு பொட்டு வைத்துவிடுகிறேன் என்றேன்.