மற்ற எட்டுப் பேர்

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுடையது. றுவைஸ் என்னைக் கல்யாணம் முடித்து மூதூரிலிருந்து ஒரு பயணப்பையோடு திருகோணமலை ஜமாலியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அவரைத் தலையில் வைத்துத் தாங்குகிறோம். அவருடைய சட்டையை உம்மா மடித்து வைப்பார். மோட்டார் சைக்கிளை வாப்பா கழுவ அனுப்புவார். கட்டிலை எந்தப் பக்கம் போடுவது என்பதுகூட நான் முடிவு செய்ததுதான். அவரைக் கேட்காமலேயே எல்லாவற்றையும் செய்து கொடுப்பதுதான் மரியாதை என்பது எங்கள் நினைப்பு. அவரும் எல்லாவற்றுக்கும் "ஓம்" என்று சிரிப்பார். இப்படி ஒரு மருமகன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தெருவே சொன்னது.

துறைமுகத்துக்குள் பெரிய கப்பல்களை இழுத்து வரும் டக் படகில் அவருக்கு வேலை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடியும். குளித்து, சாப்பிட்டு, அசர் தொழுதுவிட்டு லாப்டொப்பைத் திறந்தாரென்றால் அந்தி மஃரிப் பாங்கு வரை எழும்ப மாட்டார். ஒரு உதைபந்தாட்டக் கழகத்துக்கு முகாமையாளராக இருக்கும் விளையாட்டு அது. பந்தை நாம் உதைப்பதில்லை. ஆட்களை வாங்கலாம், பயிற்சி கொடுக்கலாம், யாரை இறக்குவது, எப்படி ஆடுவது என்று சொல்லலாம். மிச்சத்தைக் கணினி ஆடிக் காட்டும். ஏதோ ஒரு குளிர் நாட்டின் இரண்டாம் பிரிவில் ஒரு சிறிய கழகத்தை அவர் ஆறு சீசனாக நடத்திக்கொண்டிருந்தார். தோற்றால் சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பிப் போய் மறுபடி ஆடுவது கள்ள வேலை என்பது அவர் கொள்கை.

முதலில் நக்கலடிப்பதற்குத்தான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிறகு எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறேன். பன்னிரண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அவர் வரும்வரை கழகத்துக்கு வரும் கடிதங்களைப் பார்ப்பதும் பத்திரிகைக்காரர்களுக்குப் பதில் சொல்வதும் என் பொறுப்பு. வாய் எனக்குக் கொஞ்சம் நீளம் என்பதால் அந்த வேலையைத் தந்தார். ஆட்டம் மட்டும் அவர் இல்லாமல் ஆடக்கூடாது.

எங்களிடம் மூன்று பொடியன்கள் இருந்தார்கள். லூக்காவுக்குப் பதினேழு வயது, இவானுக்கும் டாமிக்கும் பதினெட்டு. மூவரும் முன்வரிசை. லூக்கா இடப்பக்கம் ஓடினால் ஒருவரும் கிட்ட நிற்க முடியாது. பெரிய கழகங்களின் ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். இவரோ பொடியன்களை மாற்று ஆட்டக்காரர் கதிரையில் உட்கார்த்தி வைத்துவிட்டு, கடைசி இருபது நிமிடம் மட்டும் இறக்கினார். ஆறு ஆட்டத்தில் ஐந்து தோல்வி, எல்லாம் ஒன்றுக்குப் பூச்சியம். மீதி நான்கு ஆட்டத்தில் ஆறு புள்ளி எடுக்காவிட்டால் வேலை போகும் என்று நிர்வாகம் கடிதம் அனுப்பியது.

"மூணு பேரையும் ஆரம்பத்துலயே இறக்குங்களன்!" என்றேன்.

"குருவி தலையில பனங்காய வைக்க ஏலாது, சனூஸா. பொறுங்க."

"பொறுத்துப் பொறுத்து உங்கட வேலையே போகப் போகுது."

அவர் சிரித்தார். எனக்கு எரிச்சல் வந்தது. பயந்த மனுசன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சீனன்குடாவுக்கு வரவேண்டிய எண்ணெய்க் கப்பல் பிந்திவிட்டது. ஐந்து மணிக்குப் பிறகுதான் வருவேன் என்று போன் எடுத்துச் சொன்னார். லாப்டொப் என் முன்னால் இருந்தது. ஆட்டமும் தயாராக இருந்தது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான். மூன்று பொடியன்களையும் முன்னுக்குப் போட்டு, மற்ற எல்லோரையும் மேலே ஏறி ஆடச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். ஐந்துக்கு ஒன்று! லூக்கா மட்டும் மூன்று கோல். நான் கத்திய கத்தில் உம்மா குசினியிலிருந்து ஓடி வந்தார்.

றுவைஸ் வந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் திரையைக் காட்டினேன்.

"நல்லம்" என்றார். "இனி நீங்களே பாருங்க."

வியர்வையில் தோய்ந்துபோன உடுப்போடு கிணற்றடிக்குப் போய்விட்டார். கோபமே இல்லாத முகம். அந்த முகத்தை எனக்குத் தெரியும். கட்டிலை நான் இழுத்துப் போட்ட நாளிலும் அதே முகம்தான். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வெற்றி தலைக்கு ஏறியிருந்தது.

அடுத்த ஆட்டத்தில் நான்குக்குப் பூச்சியம் என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். எதிரணி ஒன்பது பேரைப் பின்னால் நிறுத்திவிட்டு, என் ஆட்கள் எல்லோரும் மேலே ஏறிய நேரம் பார்த்துப் பின்பக்கத்தால் புகுந்தது. அதற்கடுத்ததில் மூன்றுக்கு இரண்டு என்று தோல்வி. லூக்கா அறுபதாவது நிமிடத்திலேயே நடக்க ஆரம்பித்துவிட்டான். இனி ஒரேயொரு ஆட்டம். வென்றே ஆக வேண்டும். றுவைஸ் அந்த நாட்களில் லாப்டொப் பக்கமே வரவில்லை. அசர் தொழுதுவிட்டு முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு அவருக்கு வேறு ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் நாங்கள்தான் செய்து முடித்துவிட்டோமே.

என்ன செய்வதென்று தெரியாமல், அதுவரை திறந்தே பார்க்காத பயிற்சிப் பக்கத்தைத் திறந்தேன். சலிப்பான பக்கம் என்று அதை அவருக்கே விட்டிருந்தேன். மூன்று பொடியன்கள் பற்றி அங்கே ஓரிரு வரிதான் இருந்தது. மற்ற எட்டுப் பேருக்கும்தான் பக்கம் பக்கமாக வேலை. வலப்பக்கக் காவலனுக்கு ஒன்றரை வருடமாக ஒரே பயிற்சி: இவானின் தலைக்குப் பந்தைத் தூக்கிப் போடுவது. முப்பத்தொரு வயது நடுக்களக் கிழவனுக்கு ஒரே கட்டளை: பொடியன்கள் பந்தைத் தொலைத்தால் உடனே பறி. லூக்காவின் மூச்சு அறுபது நிமிடத்துக்குத்தான் தாங்கும் என்று குறித்து, அதைக் கூட்ட ஒரு அட்டவணை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஆட்ட முறையை வரைந்து வைத்திருந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'அடுத்த வருசம்'.

பயந்த மனுசன் இல்லை. அந்த மூன்று பேர் வந்து ஆடுவதற்கு அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். நான் கூரை போட முந்தியே குடியேற்றிவிட்டேன். வெட்கமாக இருந்தது.

முற்றத்துக்குப் போனேன். "பிழை விட்டுட்டன். வந்து ஆடுங்க."

"நீங்க ஆடுங்க. பரவாயில்ல."

"பரவாயில்ல எண்டு சொல்லாதீங்க!"

அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "வீடு உங்கட. லாப்டொப் மாமா தந்தது. அதுக்குள்ள இருக்கிற டீம் ஒண்டுதான் நான் நினைச்ச மாதிரி நடந்த. அதையும் நீங்க நல்லாச் செய்யிறீங்க எண்டா, நான் என்னத்தச் சொல்ல?"

அவர் குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

"நான் நல்லாச் செய்யல்ல. ரெண்டு ஆட்டத்துல ஏழு கோல் வாங்கி இருக்கன்" என்றேன். அதற்குத்தான் அவர் சிரித்தார். எழும்பி வந்தார்.

கடைசி ஆட்டம் என்று கேள்விப்பட்டு வாப்பாவும் வந்து உட்கார்ந்தார். றுவைஸ் 'அடுத்த வருச'த்தை அன்றைக்கே இறக்கினார். நடுக் காவலர் இருவரும் பின்னுக்கு நின்றார்கள். கிழவன் நடுவில் நின்று விழுந்த பந்தையெல்லாம் பொறுக்கினான். பொடியன்கள் அவசரப்படாமல் ஆடினார்கள். முதல் கோல் எதிரணிக்கு. பிறகு வலப்பக்கக் காவலன் தூக்கிப் போட, இவான் தலையால் அடித்தான். ஒன்றுக்கு ஒன்று. அறுபத்தைந்தாவது நிமிடம்.

"மருமகன், அந்தச் சின்னவன வெளிய எடுங்க. களைச்சுப் போனான்" என்றார் வாப்பா.

வழக்கம்போல் ஓம் மாமா என்று சொல்வார் என்று நினைத்தேன். அவருடைய கையும் பொத்தானுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"இல்ல மாமா. அவன் நிக்கட்டும். இது என்ட டீம்."

குசினியில் உம்மாவின் சட்டிச் சத்தம்கூட நின்றது. எழுபத்தெட்டாவது நிமிடம் லூக்கா கோல் அடித்தான். தொண்ணூறாவது நிமிடம் அதே லூக்கா கால் ஓய்ந்து பந்தைத் தொலைத்தான். அது எங்கள் வலைக்குள் வந்து விழுந்தது. இரண்டுக்கு இரண்டு. நிர்வாகம் நன்றி சொல்லி வேலையிலிருந்து நீக்கிவிட்டது. ஆறு சீசன் முடிந்தது.

"நான் சொன்னன்தானே" என்று வாப்பா வாயைத் திறந்தார்.

"ஓம் மாமா, நீங்க சொன்னதுதான் சரி. ஆனா முடிவு நான்தான் எடுக்கணும்." பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயர்ந்தது. "சனூஸா, அண்டைக்கு என்னைக் கேக்காம ஆடினீங்களே, அது சரியான பிழை. எனக்கு எவ்வளவு கோபம் தெரியுமா? இனி இப்பிடி ஒரு வேலை செய்யக்கூடாது!"

உம்மா வாசலில் வந்து நின்றார். வாப்பா என்னைப் பார்த்தார், நான் இனி அவரை என்ன செய்வேனோ என்று.

நான்கு வருடத்தில் அவர் என்னை ஏசியது அதுதான் முதல் தடவை. விருந்தாளி வீட்டுக்காரியை ஏச மாட்டான், வீட்டுக்காரன்தான் ஏசுவான். எனக்குச் சந்தோசத்தில் கண் நிறைந்துவிட்டது.

"ஓம், பிழைதான்" என்றேன்.