முகம் பதியாத பிணம்

எங்கள் சீரியலில் சாவது சுலபம். செத்த பிறகு வேறு வேஷத்தில் வருவதுதான் கஷ்டம்.

எல்லாம் ஒரு வாட்ச்மேனால் வந்தது. கொஞ்ச நாள் கேட்டைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்த நடிகரை, ஞாபக மறதியில் டாக்டராக்கிவிட்டார்கள். "அந்த வாட்ச்மேன் எந்தக் காலேஜில் படிச்சார்? என் பையனையும் சேர்க்கணும்" என்று நேயர்கள் போன் போட்டுக் கேட்டார்கள். டைரக்டருக்கு அவமானமாகிவிட்டது. அன்றே சட்டம் போட்டார்: ஒரு முகம் ஒரு தடவை பதிந்தால் பதிந்ததுதான். கூட்டத்தில் நின்றவன் கடைசிவரை கூட்டத்திலேயே நிற்க வேண்டும்.

நான் பதியாமல் பார்த்துக்கொண்டேன். முதுகாக நடித்தேன், தோளாக நடித்தேன், ஒரு தடவை குடைக்குப் பின்னாலும் நடித்தேன். அந்தப் பொறுமைக்குப் பலனாக அடுத்த வாரம் கோர்ட் சீனில் எனக்கு வக்கீல் வேஷம். வசனமும் உண்டு. "கனம் நீதிபதி அவர்களே, இது என் கட்சிக்காரர் மேல் சுமத்தப்பட்ட வீண்பழி!" ஒரே வரிதான். ஆனால் ஆச்சரியக்குறி இருந்தது. செட்டில் எல்லோரும் என்னை "வக்கீலு" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதி கிண்டல். மீதியும் கிண்டல்தான்.

வீட்டில் அப்பா கிண்டலைத் தாண்டிய நிலையில் இருந்தார். வேலை இண்டர்வியூவுக்கென்று எனக்கு வாங்கின கறுப்பு ஷூவைப் பீரோ மேலே ஏற்றிவிட்டார்.

"உன் மூஞ்சி டிவியில வரட்டும். வாயைத் திறந்து ஏதாவது பேசட்டும். அன்னிக்கு அதை நானே இறக்கித் துடைச்சுத் தரேன். இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா மாமா கடைக்குக் கிளம்பு."

மாமா டைல்ஸ் விற்கிறார். ஒரு டைல்ஸைக் கையில் எடுத்தால் அதைப் பற்றி மதியச் சாப்பாடு வரைக்கும் பேசுவார்.

இன்று பிணவறை செட். பிணமாக வர வேண்டியவருக்கு வேறொரு கம்பெனியில் உயிரோடு இருக்கிற வேஷம் கிடைத்து, அங்கே போய்விட்டார். துணை நடிகர்களைக் கூட்டி வரும் ஏஜென்ட் அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணில் பட்டது நான்.

"வக்கீலு, வா. படு."

"அண்ணே, முகம் பதிஞ்சிடும்ணே."

"தலையோட போர்வை போட்டுடுவாங்கடா. பொணத்துக்கு எதுக்கு முகம்?"

"அடுத்த வாரம் எனக்கு..."

"முடியாதுன்னா சொல்லிடு. அடுத்த வாரமும் உனக்கு முடியாதாம்னு நானே சொல்லிடறேன்."

செத்தேன்.

இரும்பு மேஜை ஜில்லென்று முதுகில் ஏறியது. போர்வை குட்டை. தலையை மூடினால் கால் வெளியே வந்தது. கால்தானே என்று விட்டுவிட்டார்கள். பெருவிரலில் ஒரு சீட்டு கட்டினார்கள். துணிக்குள் வெள்ளையாக வெளிச்சம். கண்ணை மூடிக்கொண்டேன்.

அப்போது டைரக்டர் குரல் கேட்டது.

"மேடம், அண்ணன் செத்துட்டான்னு நினைச்சு ஓடி வர்றீங்க. போர்வையைப் பிடிச்சு இழுக்கறீங்க. பார்த்தா வேற யாரோ! 'இது என் அண்ணன் இல்லை!' கேமரா அப்படியே பொணத்தோட மூஞ்சிக்குப் போகுது. அங்கேயே நிக்குது."

எழுந்து சொல்லலாம் என்று நினைப்பதற்குள் "சைலன்ஸ்" என்றார்கள். கேமரா ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடுகிற கேமராவுக்கு முன்னால் பிணம் எழுந்தால் அடுத்த வாரம் மட்டுமல்ல, ஜென்மத்துக்கும் வேலை கிடைக்காது.

கதாநாயகியின் வளையல் சத்தம் ஓடி வந்தது. போர்வை நுனியைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை. மறுநுனி என் பல்லில் இருந்தது.

இன்னொரு இழுப்பு. ஒரு பல் ஆடியது. விடவில்லை. அவர் "அண்ணா!" என்று கதறியபடி என் மேல் சாய்ந்தார். கதறலுக்கு நடுவில், காதருகே, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "விடுடா."

"மேடம், மூஞ்சி பதிஞ்சா போச்சு. அடுத்த வாரம் எனக்கு வசனம் இருக்கு."

"அண்ணா, என்னை விட்டுட்டுப் போயிட்டியா! எத்தனை வரி?"

"ஒண்ணு மேடம்."

அவர் விசும்பினார். அது நடிப்பா, பரிதாபமா, சிரிப்பா என்று போர்வைக்குள்ளிருந்து தெரியவில்லை. பிடி தளர்ந்தது.

"மாட்டேன்! எங்க அண்ணன் முகத்தை இந்தக் கோலத்துல நான் பார்க்க மாட்டேன்!" என்று அலறி என் வயிற்றில் விழுந்தார். மூச்சு விட முடியவில்லை. "கட்" வரவில்லை. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. டைல்ஸ் கண்ணுக்குள் வரிசையாகப் பதிந்துகொண்டே போனது.

"கட்."

ஒலிப்பதிவு செய்பவர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, நிதானமாகச் சொன்னார்: "சார், பொணம் பேசுது."

ஸ்பீக்கரில் போட்டார். 'அடுத்த வாரம் எனக்கு வசனம் இருக்கு' என்று என் குரல் பிணவறை முழுக்கக் கேட்டது. செருப்புச் சத்தம் நெருங்கியது. டைரக்டர் போர்வையை விலக்கினார். ஏஜென்ட் அண்ணன் என்னை இதற்குமுன் பார்த்ததே இல்லாதவர்போல் கூரையைப் பார்த்தார்.

"என்ன வசனம்?"

எழச் சொல்லவில்லை. படுத்தபடியே சொன்னேன். வீண்பழியில் குரல் உடைந்தது. பல் வலி.

கதாநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நானும் முதுகா நடிச்சு வந்தவதான் சார்" என்றார். "அதை விடுங்க. போர்வையை விலக்காதது நல்லாத்தானே இருக்கு?"

டைரக்டர் மேஜையைச் சுற்றி வந்தார். "உள்ள இருக்கறது யாருன்னு சொல்லாமலே... ஒரு வாரம் இழுக்கலாம்." இன்னொரு சுற்று. "ரெண்டு வாரம்கூட இழுக்கலாம். சவுண்டு, பொணம் பேசினதை அழிச்சிடு."

எனக்கு உயிர் வந்தது. அந்த நேரம் பார்த்து கேமராமேன் வாயைத் திறந்தார்.

"சார், கால் பதிஞ்சிடுச்சு. க்ளோசப்ல எடுத்துட்டேன். ரெண்டாவது விரல் பெருவிரல் மேல ஏறி உக்காந்திருக்கு. ஊருக்கே ஞாபகம் இருக்கும்."

எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பிறந்ததிலிருந்து அது அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறது. சட்டம் சட்டம்தான் என்பது டைரக்டரின் முகத்தில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.

"சார்," என்றேன். "வக்கீல் ஷூ போடுவார் சார்."

"ஒரு வரிக்கெல்லாம் கம்பெனி ஷூ தராது. சொந்தமா வச்சிருக்கியா?"

"இருக்கு சார்."

வெளியே வந்து, விரலில் சீட்டோடு, அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, பீரோ மேல இருக்கற ஷூ அடுத்த வாரம் வேணும்."

"மூஞ்சி வந்துச்சா?"

"கால் வந்திருக்குப்பா."

"பேசினியா?"

"பேசினேன். அழிச்சிட்டாங்க."

அந்தப் பக்கம் தரையில் ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது.

"பாலிஷ் டப்பாவை எங்கடா வச்சுத் தொலைச்சே?" என்றார் அப்பா.