உட்காராமல் போனவள்

1

கிளாவ்தியா மகளின் கோட்டுக்கு அவசர அவசரமாகப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். ஆகஸ்டு வெயிலில் குளிர்காலக் கோட்டு. மேலே கூரை எரிந்தது. படகுத்துறையில் இரண்டாம் சங்கும் ஊதியாகிவிட்டது. மூன்றாவது ஊதினால் ஏறு பலகையை இழுத்துவிடுவார்கள். வோல்காவைத் தாண்டி அக்கரைக்குப் போனால் பிள்ளை பிழைக்கும். ஸ்டாலின்கிராடில் இருந்தால் பிழைக்காது. அவளுக்குத் தெரிந்த போர்க்கலை அவ்வளவுதான்.

(முதலில் நான் எழுதிய தொடக்கம்: "வோல்கா நதி அன்று சிவப்பாக..." நதியில் தொடங்கினால் வாசகனும் ஆற்றோடு போய்விடுவான், வெட்டு என்றார் ஆசிரியர் அர்க்காதி. வெட்டிவிட்டேன்.)

கதை என்னுடையதில்லை. வெற்றி நாளுக்கு எங்கள் வாரப் பத்திரிகை வருடாவருடம் சிறப்பிதழ் போடும். அதில் தொடர்கதை எழுதும் நானும் வருடாவருடம் ஒரு வீரனைத் தயாரித்துக் கொடுப்பேன். இந்த முறை கையிருப்பில் வீரன் யாருமில்லை. மேல்மாடி லிதியா பகோமவ்னா வீட்டுக்குத் தேநீர் குடிக்கப் போனேன். அந்தக் கோட்டுக்குள் இருந்த ஐந்து வயதுப் பெண் அவர்தான்.

2

நிலவறையில் மூன்று பேர். கிளாவ்தியா, அன்று வீட்டில் லிதா என்று கூப்பிடப்பட்ட மகள் லிதியா, நாத்தனார் நியூரா. கணவன் பகோம் போர்முனையில்.

"அண்ணி, உக்காருங்க. உக்காராம கிளம்பக் கூடாது," என்றாள் நியூரா, மூட்டைமேல் உட்கார்ந்தபடி.

"கூரை எரியுது. நீ என்னடான்னா விருந்துக்கு வந்தவ மாதிரி உக்காந்திருக்க."

"எங்கண்ணன் பட்டாளத்துக்கு உக்காந்துட்டுத்தான் போனாரு. இன்னும் உசுரோட இருக்காரு."

"அதை ஜெர்மன்காரன்கிட்ட சொல்லு. அவனும் பக்கத்துல வந்து உக்காருவான்."

பயணத்துக்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இன்றைக்கும் ரயிலே புறப்பட்டாலும் சரி, உட்காராமல் வீட்டைவிட்டுக் கிளம்ப எங்கள் ஊரில் யாருக்கும் கால் வராது. கிளாவ்தியாவுக்கு வந்தது.

"என் பங்குக்கும் சேத்து நீங்களே உக்காருங்க. நான் முன்னாடி ஓடிப்போய்ப் படகை நிறுத்தி வைக்கிறேன். பின்னாலயே வந்துடுங்க."

ரொட்டிப் பையை மகள் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

[இந்த வரி உறுத்துகிறது. படகை நிறுத்தத்தான் ஓடுகிறாள் என்றால் பையைத் தானே தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். பிள்ளைக்கு அது பாரம். இப்போதைக்கு விட்டுவைக்கிறேன்.]

3

லிதாவும் நியூராவும் துறைக்கு வந்தபோது பலகை இல்லை. படகு நடு ஆற்றில்.

முடிவு ஒன்று: விமானம் வந்தது. படகு மூழ்கியது. உட்கார்ந்தவர்கள் பிழைத்தார்கள், உட்காராதவள் போனாள்.

அர்க்காதி தொலைபேசியில் மூக்கை உறிஞ்சினார். "அழுதுட்டேன்யா. அந்தம்மா கையில ஒரு கொடி இருக்கட்டும்."

"தண்ணியிலயா?"

"தண்ணியிலதான். அட்டைப்படத்துக்கு நல்லாருக்கும்."

முடிவு இரண்டு: கிளாவ்தியா பலகையைப் பிடித்துத் தொங்கியபடி படகோட்டியிடம்... (வேண்டாம். சினிமா.)

லிதியா என்னிடம் சொன்னதும் முதல் முடிவைத்தான். பள்ளிக்கூடங்களிலும் அதையே சொல்கிறார், பூங்கொத்து கொடுக்கிறார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க அத்தையும் அவரும் நிலவறையில் கிடந்து, ரொட்டி தீர்ந்தபின் குதிரைத் தோலை வேகவைத்துத் தின்றார்கள். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். சிறப்பிதழில் இடமில்லையாம்.

4

பையைப் பற்றி மட்டும் கேட்டுவிடலாம் என்று மறுபடி மாடியேறினேன்.

"ரொட்டி முழுக்க உங்ககிட்டயா இருந்துச்சு?"

"முழுக்க."

"தனக்குன்னு அவங்க ஒரு துண்டுகூட எடுத்துக்கலையா?"

லிதியா ஜாம் கரண்டியை நக்கிக் கீழே வைத்தார். "தொடர்கதைக்காரன்ல, நீ கேப்பேன்னு தெரியும். பூங்கொத்துக்காரங்க ஒருத்தரும் கேட்டதில்ல."

வாசகரே, கூட்டம் முண்டியதில் அவள் படகுக்குள் அடித்துச் செல்லப்பட்டிருக்கலாம். இல்லை, பலகை காலடியில் கிடந்தது, திரும்பிப் பார்க்காமல் ஏறியிருக்கலாம். நான் அங்கே இல்லை. லிதியாவும் இல்லை. அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு வரவில்லை. லிதியா சொன்னதை மட்டும் தருகிறேன்.

"படகு முழுகவே இல்ல. சண்டை முடிஞ்சு பல வருஷம் கழிச்சு எங்கம்மா வந்து கதவைத் தட்டுனா. நல்ல கோட்டு போட்டிருந்தா. நியூரா அத்தைதான் தெறந்தா. திட்டல, அழல. முக்காலிய இழுத்துப் போட்டு, 'அன்னிக்கு உக்காராமப் போயிட்டீங்க அண்ணி, இப்ப உக்காந்துட்டுப் போங்க'ன்னா."

"உக்காந்தாங்களா?"

"மூணு பேரும் உக்காந்தோம். அப்புறம் எந்திரிச்சுப் போயிட்டா."

"ஏன் அப்படிப் பண்ணேன்னு எதுவுமே சொல்லலையா?"

"உக்காந்திருக்கறப்ப யாரும் பேசக் கூடாதே."